அட்டைப் பாட்டுக்காரி

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிஷாந்தியின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று அவள் "அம்மா" என்று கூப்பிட்டால், எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஜெயலெட்சுமி மட்டுமல்ல, நிரையில் நிற்கிற அத்தனை பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரிய குரல் என்பதோடு கரகரத்த குரலும்கூட. தகரத்தைச் சிமெந்துத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும் என்று அடுத்த வீட்டு வேலாயி சொல்வார். பிறந்த அன்றைக்கே அப்படித்தான் அழுதாளாம்.

அந்தக் குரலுக்கு வீடும் ஒரு காரணம். அப்பா அழகையா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். வருஷக்கணக்காக அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் அந்த வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் உரக்கத்தான் கேட்க வேண்டும். இரகசியம் என்று ஒன்று அங்கே தங்காது. அழகையா வீட்டில் இன்றைக்கு என்ன கறி, யாருக்குக் காய்ச்சல், யாரோடு கோபம் என்பதெல்லாம் லயத்தின் கடைசிக் காம்பரா வீடு வரைக்கும் தெரிந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் மெதுவாகப் பேசப் பழகுகிற வயதில் நிஷாந்தி சத்தமாகப் பேசப் பழகினாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாடலுக்கு ஆள் எடுத்தபோது அவளும் போய் நின்றாள். பாடத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் குரல்கள் ஒன்றுமே கேட்கவில்லை. சங்கீத டீச்சர் நல்லவர். அவளை வரிசையிலிருந்து வெளியே அனுப்ப மனமில்லாமல், பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொன்னார். நிஷாந்தி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். ஜெயலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாய மட்டும் அசைக்கிறதுக்கு நீ என்ன மீனா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து நிஷாந்தி பாட்டுப் பழகப் போகவில்லை.

அதற்குப் பதிலாக அவளுக்கு வேறொரு வேலை கிடைத்தது. விளையாட்டுப் போட்டியன்று ஒலிபெருக்கி பழுதாகிவிட, மைதானத்தின் நடுவில் நின்று பெயர்களை அறிவிக்க அதிபர் அவளை அனுப்பினார். மழைத் தூறலுக்கு நடுவே எல்லாப் பெயரும் எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பதையே பள்ளிக்கூடம் நிறுத்திவிட்டது. அதில் அவளுக்குப் பெருமைதான். ஆனாலும் குளிக்கும்போது சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்து, மேலே போகிற இடத்தில் குரல் உடைந்து நிற்கும்போதெல்லாம், பாட்டு என்பது நமக்கானது இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகிற அளவுக்குப் புள்ளி வரவில்லை. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை கிடைத்தது. பெரிய பெரிய இயந்திரங்கள் சுற்றுகிற அந்த அறையில் கத்திப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால் அவளுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது.

ஏப்ரல் சீசனில் ஹோட்டல் புல்வெளியில் தினமும் கச்சேரி நடக்கும். அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு ஹார்ட் ரொக் குழு வந்திருந்தது. மதியம் அவர்கள் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நிஷாந்தி மேசைவிரிப்புகளைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போனாள். டிரம்ஸ் ஒரு இடி இடித்தது. கிட்டார் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு பாடகர் வாயைத் திறந்தார். கொஞ்சம் பருமனான, முன்தலை வழுக்கையான மனிதர். கிழமை நாட்களில் வங்கியில் வேலை பார்க்கிறவராம். அவர் வாயிலிருந்து வந்தது அப்படியே அவளுடைய குரல். அதே கரகரப்பு. மேலே போகிற இடத்தில் அதே உடைவு. ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. வேண்டுமென்றே உடைத்தார். உடைத்துவிட்டுச் சிரித்தார்.

நிஷாந்தி விரிப்புகளோடு அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்குத் தனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை என்று பிற்பாடு சொல்லுவாள்.

பாட்டு முடிந்ததும் நேராக மேடைக்குப் போய், இப்படிப் பாடினால் தொண்டை வலிக்காதா என்று சிங்களத்தில் கேட்டாள். தொண்டையால் பாடினால் வலிக்கும், வயிற்றிலிருந்து பாடினால் வலிக்காது என்று அவர் சொன்னார். தானும் பாடிப் பார்க்கலாமா என்று கேட்டாள். மற்றவர்கள் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். அவர் மட்டும் மைக்கை நீட்டினார். அவளுக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்றும் தெரியாது. "அம்மா" என்று எதிர் மலைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டாள். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த மனிதர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நங்கி, நீங்க ஒரு பேண்ட் தேடிக்கொள்ள வேணும்" என்றார், தங்கச்சியைச் சிங்களத்தில் அழைத்து, மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழில்.

தேடினாள். முதலில் கிடைத்தவன் திலக்ஷன். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன். அவனுடைய அப்பா கோயில் திருவிழாக்களில் தப்பு அடிப்பவர். திலக்ஷனுக்குத் தப்பும் வரும், ஹட்டன் தேவாலயமொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸும் வாசிப்பான். இரண்டாவது சமிந்த. ஹட்டனில் போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கும் சிங்களவர். உடைந்த போனைக் கொடுக்கப் போன நிஷாந்தி, கடைச் சுவரில் மின்கிட்டார் தொங்குவதைப் பார்த்து அங்கேயே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது பிரதீபன். கந்தப்பளையில் கணித ஆசிரியர். பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர். மாணவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

பழகுவதற்கு இடம்தான் பெரிய தலைவலி. திலக்ஷன் வீட்டில் பழகியபோது பக்கத்து வீட்டுப் பசு பால் கொடுக்க மறுத்துவிட்டதாகச் சண்டை வந்தது. ஹட்டனில் ஒரு டியூசன் வகுப்பறையில் பழகியபோது, கீழ்க்கடைக்காரர் மேலே ஏறி வந்து, கட்டடம் உடைகிறதா என்று பதறிக் கேட்டார். கடைசியில் பிரதீபனின் மாமா முத்துலிங்கம் கைகொடுத்தார். கந்தப்பளையில் கேரட் கழுவி மூட்டை கட்டுகிற கொட்டகை அவருடையது. ஞாயிறு பின்னேரங்களில் அங்கே வேலை இல்லை. இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். சத்தம் பரவாயில்லையா என்று பிரதீபன் கேட்டதற்கு, "கேரட்டுக்குக் காதா இருக்கு? நீங்க பாடுங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்தார்.

குழுவுக்கு 'பெரட்டு' என்று பெயர் வைத்தார்கள். காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வேலைக்கு முன்னால் ஒன்றுகூடி நிற்கிற இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் அதுதான் பெயர். திலக்ஷன் சொன்ன பெயர் அது. சமிந்தவுக்கு அதை உச்சரிக்கிறபோதே டிரம்ஸ் அடிக்கிற மாதிரி இருந்ததால் அவரும் ஒத்துக்கொண்டார்.

மற்றவர்களின் பாட்டைப் பாடிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஆங்கிலச் சொற்கள் நிஷாந்தியின் வாயில் சிக்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்து கொட்டகைக்கு வந்தவள், காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத் திட்டினாள். திட்டுவது ஒரு தாளத்தில் வந்தது. திலக்ஷன் அதைப் பிடித்துக்கொண்டான். இப்படித்தான் அவர்களுடைய முதல் பாட்டு உண்டானது.

*அட்டையே அட்டையே, காலை விட்டுப் போ,*
*எங்க ரத்தம் ஒனக்கென்ன காலைத் தேத்தண்ணியா?*

அன்று மாலைக்குள் அதை முழுப்பாட்டாக்கிவிட்டார்கள். சமிந்தவுக்குப் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் கிட்டார் அலற வேண்டும் என்பது சரியாக விளங்கியது.

முதல் மேடை அவர்களுடைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கோயில் கமிட்டித் தலைவர் கந்தப்பன், நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் என்ற பாசத்தில் ஒத்துக்கொண்டார். பேண்ட் என்றால் சினிமாப் பாட்டு என்றுதான் அவர் நினைத்திருந்தார். அன்னதானம் முடிந்து, சனம் வயிறு நிறையச் சாப்பிட்டு, புல்லில் உட்கார்ந்திருந்த நேரம். நிஷாந்தி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். முதல் அடி விழுந்ததும் முன்வரிசைக் கிழவர்கள் ஸ்பீக்கர் வெடித்துவிட்டதென்று எழுந்து பின்னால் போனார்கள். ஒலிபெருக்கிக்காரர் பழுதைச் சரிசெய்கிற எண்ணத்தில் எல்லா விசையையும் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். குறைந்த சத்தத்தையும் தாண்டி நிஷாந்தியின் குரல் வந்தது.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே கந்தப்பன் மேடைக்கு ஏறி வந்துவிட்டார். கோபக்காரர் இல்லை. ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. அம்மன் சந்நிதியில் இப்படிக் கத்தக் கூடாது, பாடுவதென்றால் அம்மன் பாட்டுப் பாடு, இல்லாவிட்டால் இறங்கிவிடு என்று சொன்னார். நிஷாந்தி மற்ற மூவரையும் பார்த்தாள். சமிந்த தோளைக் குலுக்கினார். திலக்ஷன் குனிந்து, மேடைக்குக் கீழே வைத்திருந்த அப்பாவின் தப்பை எடுத்துக்கொண்டான்.

அம்மன் பாட்டுத்தான் பாடினாள். சின்ன வயதிலிருந்து கரகம் எடுக்கும்போது கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த வரிகள். ஆனால் பாடியது தன்னுடைய குரலில். தப்பு ஒரு பக்கம் எகிற, கிட்டார் மறுபக்கம் உறும, "மாரித்தாயே, எறங்கி வாடி" என்று அவள் கூப்பிட்டது மலை முழுக்கக் கேட்டது. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒருத்தி தலைவிரி கோலமாக எழுந்து ஆட ஆரம்பித்தாள். அடுத்து இன்னொருத்தி. மூன்றாவதாக எழுந்தது ஜெயலெட்சுமி.

ஜெயலெட்சுமிக்கு அதுவரை சாமி வந்ததே கிடையாது. வந்தவர்களைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர். இப்போது அவரைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு நேராக மேடைக்கு முன்னால் வந்தார். கந்தப்பன் கைகூப்பி, தாயே, என்ன குறை என்று கேட்டார். ஜெயலெட்சுமி கண்ணை உருட்டி அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"புள்ளைய பாட விடுங்கடா. எனக்குக் காது நெறைய கேக்கணும்."

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? கந்தப்பன் கற்பூரம் கொளுத்தினார். ஒலிபெருக்கிக்காரர் தானாகவே எல்லா விசையையும் பழையபடி கூட்டினார். 'பெரட்டு' தங்களுக்குத் தெரிந்த எல்லாப் பாட்டையும் பாடினார்கள். கடைசியாக அட்டைப் பாட்டைப் பாடியபோது இளவட்டங்கள் சேர்ந்து ஆடின. பெண்கள் சிரித்துக்கொண்டே சேலையை ஒதுக்கிக் காலைப் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அழகையா, தன் வாழ்க்கையில் கேட்ட பாட்டுகளிலேயே முழுசாகக் கேட்டது இதுதான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நிஷாந்தி அம்மாவிடம் கேட்டாள். ஜெயலெட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மெய்யாவே சாமி வந்துச்சா?"

"அம்மன் சொன்னத ஏன் எங்கிட்ட கேக்குற? கோயில்ல போய் கேளு" என்றார் நிமிராமல். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இன்றைக்கும் தோட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கந்தப்பன் அம்மன் கட்சி.

யாரோ போனில் எடுத்த காட்சி ஊரெல்லாம் பரவியது. தலவாக்கலை, திம்புள்ள, பொகவந்தலாவ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சனி ஞாயிறு முழுக்க மேடை, மற்ற நாட்களில் ஹோட்டல் வேலை. ஒவ்வொரு மேடையிலும் போன தடவையை விடச் சத்தமாகப் பாட வேண்டும் என்று நிஷாந்திக்கு ஒரு வெறி வந்துவிட்டது. வயிற்றிலிருந்து பாடச் சொன்ன பேச்சு மறந்துபோனது. தொண்டையால் பாடினாள். கொழும்பில் நடக்கிற ஒரு பெரிய ரொக் விழாவுக்கு அழைப்பு வந்த வாரத்தில், ஒரு காலையில் எழுந்து தேத்தண்ணி கேட்க வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். குரல்நாணில் வீக்கம். சில வாரங்களுக்கு ஒரு சொல்லும் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குரல் திரும்புமா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். ஒழுங்காக இருந்தால் திரும்பும் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

லயத்துக்கு அது விசித்திரமான காலம். அந்த வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை என்று அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பேச முடியாத மகளும் காது கேளாத அப்பாவும் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். இரண்டே நாளில் இரண்டு பேரும் அதில் கெட்டிக்காரர்களாகி, ஜெயலெட்சுமிக்குத் தெரியாமல் அவரைப் பற்றியே கேலி பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஜெயலெட்சுமிதான் தனியாக உரத்த குரலில் பேசிக்கொண்டு திரிந்தார். ஆனால் நிஷாந்தி போனில் ஒரு பாட்டும் கேட்கவில்லை. திலக்ஷன் பார்க்க வந்தபோது டிரம்ஸ் குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தானாம். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கும் ஒரு சிங்களப் பெண்ணிடம் அனுப்பினார்கள். கிளாசில் தண்ணீர் வைத்து, குழாயால் ஊதிக் குமிழி விட்டபடியே மெதுவாக முனகச் சொன்னார் அவர். இவ்வளவு பெரிய குரல்காரிக்குக் குமிழி விடுகிற பாடம். நிஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண் அவளுடைய வயிற்றில் கை வைத்து, மூச்சை இங்கேயிருந்து எடு என்றபோது, ஹோட்டல் புல்வெளியில் கேட்டது இப்போதுதான் உடம்புக்கு விளங்கியது. வீட்டில் தினமும் குமிழி விட்டாள். அழகையாவும் ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஊதினார். எதற்கு என்று கேட்டால், புள்ள தனியா செய்யுது, பாவம் என்றார்.

குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. கொழும்பு விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று நால்வரும் கேரட் கொட்டகையில் உட்கார்ந்து பேசினார்கள். வேண்டாம் என்று பிரதீபன் சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நிஷாந்தி, மூன்று பாட்டு மட்டும் பாடலாம், தொண்டை கொஞ்சம் வலித்தாலும் நானே மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள். வேன் பிடித்துப் போனார்கள்.

அங்கே கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் கறுப்புச் சட்டை. நிஷாந்தியும் கறுப்புச் சட்டைதான், ஆனால் நெற்றியில் அம்மா பூசிவிட்ட திருநீறு. முதல் இரண்டு பாட்டுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அட்டைப் பாட்டுக்கு முன்னால் சமிந்த மைக்கைப் பிடித்து, இது எதைப் பற்றிய பாட்டு என்பதைச் சிங்களத்தில் ஒரே சொல்லில் சொன்னார்: "கூடெல்லா." கூட்டம் சிரித்தது. மலை ஏறப் போய் அட்டையிடம் கடி வாங்காதவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? இரண்டாம் தடவை பல்லவி வந்தபோது, அர்த்தம் தெரிந்தோ தெரியாமலோ, அத்தனை பேரும் "அட்டையே அட்டையே" என்று தரையை உதைத்துக்கொண்டு கத்தினார்கள். நிஷாந்தி கடைசிக் கூப்பாட்டை வயிற்றிலிருந்து எடுத்தாள். குரல் மேலே போனது, உடைய வேண்டிய இடத்தில் அழகாக உடைந்தது. இறங்கி வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வலிக்கவில்லை என்று பிரதீபனிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. 'பெரட்டு' இப்போது ஒரு இசைத்தொகுப்பு வெளியிட்டுவிட்டு, இரண்டாவதுக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டை மட்டும் நம்பி நால்வரும் வாழ முடியாது. சமிந்த இன்னும் போன் பழுதுபார்க்கிறார். பிரதீபனுடைய மாணவர்கள் அவரைப் 'பேஸ் சேர்' என்கிறார்கள். நிஷாந்தி அதே ஹோட்டலில்தான் வேலை செய்கிறாள், ஆனால் துணி வெளுக்கும் பகுதியில் இல்லை. ஏப்ரல் சீசனுக்கு வருகிற இசைக்குழுக்களைக் கவனித்துக்கொள்வது இப்போது அவள் பொறுப்பு. மைக் சோதிக்கிற நேரத்தில் யாராவது வேலைக்காரப் பெண் நின்று பார்த்தால், போய்ப் பாடிப் பார் என்று பிடித்துத் தள்ளிவிடுகிறாள் என்று ஹோட்டலில் ஒரு முறைப்பாடும் உண்டு.

போன தை மாதம் அக்கரபத்தனையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விஜிதரன், மின்சார வேலை செய்கிறவர். அவளுடைய பாட்டைப் பற்றித் தரகர் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா வழக்கம்போல, பொண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார். கதவருகே நின்ற வேலாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஜெயலெட்சுமி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"தெரியும் சம்பந்தி. நீங்க கிளாச கீழ வச்சிக்கிங்க" என்றார்.

நிஷாந்தி பாடினாள். அரைப் பாட்டுத்தான், அதுவும் அடக்கித்தான். முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜிதரன்தான் முதலில் வாயைத் திறந்தார். திம்புள்ளயில் நடந்த கச்சேரிக்குத் தானே விளக்குப் போட்டதாகவும், அன்றைக்கு இரண்டு பல்ப் வெடித்ததாகவும், அது மின்சாரக் கோளாறில்லை என்று தனக்கு அப்போதே தெரியுமென்றும் சொன்னார். அவருடைய அம்மா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிஷாந்தி பக்கம் திரும்பினார்.

"மீதிப் பாட்டையும் பாடும்மா" என்றார். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம்ல."